சிவப்புப் புள்ளி வைத்த புத்தகம்

அந்தப் பதினோரு விதிகளையும் எழுதியவன் நான்தான். கமிட்டி எழுதியது என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். கமிட்டிக்கு அவ்வளவு பொறுமை ஏது? அவர்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி. மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருவரையும் வாய் திறக்கவிடாமல் உட்கார்ந்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதியவன் நான். நல்ல காகிதத்தில் பிரதி எடுத்து, அட்டையில் ஒட்டி, மூன்று இடத்திலும் ஆணி அடித்து மாட்டியவனும் நான்.

எங்கள் நூலகத்தைச் சந்தா கட்டுகிறவர்களுக்காக ஒரு சங்கம் நடத்தியது. ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே நூலகர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பள்ளி இறுதி வரை படிப்பு, முத்து முத்தான கையெழுத்து, யாரையும் நம்பாத குணம். அந்த வேலைக்கு இது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் மெயின் லைப்ரரி. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து ஒரு கிளை. மூன்றாவது, புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டு வராந்தாவில் நின்ற ஒரே ஒரு மரபீரோ. மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறவர்கள் ஏதாவது படிக்கட்டுமே என்று புண்ணியவான் யாரோ வாங்கிக் கொடுத்தது. சாவி வார்டு நர்ஸிடம் இருக்கும்.

மூன்று இடம் என்று ஆனதும் வந்தது வினை. தெப்பக்குளத்தில் எடுத்த புத்தகத்தை ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்துப் புத்தகம் மன்னார்புரத்தில் யார் வீட்டிலோ இரண்டு மாதம் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர் எவரோ ஆஸ்பத்திரி பீரோவில் இருந்த புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஸ்ரீரங்கம் கிளையில் சேர்த்துவிட்டார். அதை ஒரு ரிட்டையர்டு மனிதர் எடுத்துப்போய், ஒரு வாரம் கட்டிலில் தலைமாட்டிலேயே வைத்துப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் வார்டு முத்திரையைப் பார்த்திருக்கிறார். அவர் வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே! செய்தித்தாளில் சுற்றி, இரண்டு விரலால் பிடித்து வந்து, என் மேஜைமேல் பொத்தென்று போட்டார். "என் பேரன் அந்தக் கட்டில்லதான் படுத்துக்கறான், தெரியுமா?" என்று அவர் போட்ட கூச்சலில் கீழே பாத்திரக்கடைக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

கமிட்டிக்குச் செயலாளர் ஒரு வக்கீல். ஸ்ரீரங்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டனுப்பி, "ஓய், இதுக்கு ஒரு வழி பண்ணும். எந்த எடத்துப் புஸ்தகம் யாருக்கு, எங்கே திருப்பறது, எல்லாத்தையும் கறாரா எழுதிக் கொண்டாரும்" என்றார். கறார் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

எழுதினேன். எடுத்த இடத்திலேயே திருப்ப வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனி அட்டை. ஓர் இடத்து உறுப்பினருக்கு மற்றோர் இடத்துப் புத்தகம் கிடையாது. ஒரே புத்தகம் இரண்டு மூன்று பிரதி வந்தால் இடத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைக்க வேண்டும். ஏழாவது விதிதான் எனக்கு ரொம்பப் பெருமை: ஆஸ்பத்திரி பீரோவுக்குப் போன புத்தகம் எக்காரணம் கொண்டும் வேறு இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது, வேறு இடத்துப் புத்தகம் எக்காரணம் கொண்டும் அங்கே இரவலாகப் போகக் கூடாது. இரண்டு எக்காரணம் போட்டிருந்தேன். ஒன்பதாவது விதியை எனக்காகவே சேர்த்துக்கொண்டேன். சிப்பந்திகள் மட்டும் தெப்பக்குளம், ஸ்ரீரங்கம் இரண்டு இடத்திலும் புத்தகம் எடுத்துக்கொள்ளலாம் என்று. ஊருக்குக் கறார், எனக்குச் சலுகை.

விதி மட்டும் போதாது, பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று பெயின்ட் வாங்கினேன். ஸ்ரீரங்கத்துப் புத்தகங்களுக்கு முதுகில் மஞ்சள் புள்ளி. ஆஸ்பத்திரிப் புத்தகங்களுக்குச் சிவப்புப் புள்ளி. மெயின் லைப்ரரிக்குப் புள்ளி கிடையாது. செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "பேஷ்! நீர் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் ஓய்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள், இரண்டு மூட்டை புத்தகம் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பாதிக்குமேல் பைண்டு செய்த தொடர்கதைகள். அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு அதுதானே வழக்கம். வாரப் பத்திரிகை வந்ததும் முதலில் யார் படிப்பது என்று சண்டை. எல்லாரும் படித்து முடித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் ஊசி நுழைகிற மாதிரி ஜாக்கிரதையாகக் கிழித்து, சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோத் துணி அட்டை போட்டு வாங்கிவிடுவார்கள். பக்கத்துக்குப் பின்னால் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், பாதியில் வெட்டுப்பட்ட சிரிப்புத் துணுக்கு இருக்கும். பக்க எண் வரிசையாக வராது. ஒவ்வொரு வாரமும் பத்திரிகையில் எந்தப் பக்கமோ அந்த எண்தான்.

அந்த மூட்டையில் ஒரே பெயர் போட்ட மூன்று தடித்த புத்தகம் இருந்தது. அதே நீலக் காலிகோ, அதே கதைப் பெயர். பாகம் ஒன்று, இரண்டு என்று பைண்டர் போடவில்லை. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தொடர்கதையைப் பைண்டு செய்கிற வீட்டில் ஒரே கதைக்கு மூன்று பிரதி எப்படி இருக்கும்? மூன்று பத்திரிகையா வாங்கியிருப்பார்கள்? சின்னக் குழந்தைக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. என் விதியை நடத்திக்காட்டுகிற அவசரம் எனக்கு. மூன்று பிரதி என்று ரிஜிஸ்டரில் எழுதி, ஒன்றுக்கு மஞ்சள் புள்ளி வைத்து, ஒன்றுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து, இடத்துக்கு ஒன்றாக அனுப்பிவிட்டேன்.

விதிகள் மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீரங்கம் கிளையின் அட்டெண்டர் மாட்டிக்கொண்டார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். காக்கிச் சட்டை, ஒரு பழைய சைக்கிள், அதிகம் பேச மாட்டார். வார்டில் படுத்திருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டாரென்று, மஞ்சள் புள்ளி வைத்த வேறொரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததும் திருப்பி வாங்கிவந்து பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார். நர்ஸ் பேச்சுவாக்கில் சொல்லி எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்ததே கோபம்! கமிட்டி முன்னால் நிறுத்தினேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி, அதை அவரையே உரக்கப் படிக்க வைத்தேன். படித்து முடித்துவிட்டு, "அவரு கேட்டாரு சார். குடுக்காம வர மனசு வரல" என்று மட்டும் சொன்னார்.

"மனசை வீட்டுல வெச்சிட்டு வேலைக்கு வாய்யா" என்றேன் நான். கமிட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் புத்தகத்தை ஆஸ்பத்திரி பீரோவுக்கே தள்ளிவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் என் தங்கைக்கு இருமல் வந்தது.

எனக்கு ஒரே தங்கை. உப்பிலியபுரத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஆறேழு வருஷம், குழந்தை இல்லை. அதற்கே அந்த வீட்டில் பேச்சு. இருமலில் ரத்தம் வந்ததும் ஒரு தகரப்பெட்டியோடு பஸ் ஏற்றி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சான்" என்று திரும்பினவர்தான். பிறகு வரவே இல்லை. நான் இரண்டு நாளில் அவளைப் புத்தூர் வார்டில் சேர்த்தேன்.

ஞாயிறுதோறும் பார்க்கப் போவேன். பார்க்கப் போவேன் என்றால், வராந்தாத் தூணுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன், கட்டிலில் அவள் உட்கார்ந்திருப்பாள். வாங்கிப்போன ஆரஞ்சை நர்ஸிடம் கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் எல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். என் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, தூணருகில் நான் வந்து நின்றதும் நீலக் காலிகோ புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, இது எதுன்னு தெரியுதா? நம்ம வீட்டுக்கு வாரா வாரம் வருமே, அந்தக் கதை. எனக்குக் கல்யாணம் ஆனப்ப பாதி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அங்க போனதும் பத்திரிகையாவது ஒண்ணாவது. ஒரு வார்த்தை கேட்டதுக்கு, படிச்சு என்ன கலெக்டர் ஆகப் போறியான்னு எங்க மாமியா கேட்டுச்சு. அப்புறம் என்னதான் ஆச்சுன்னு இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதான் இப்ப படிச்சிட்டியே" என்றேன்.

"எங்க படிச்சேன்? இது முதல் பாகம்தான். நான் அன்னிக்கு விட்ட இடம்கூட இதுல வரல. மிச்சம் எங்க இருக்கு? உன் லைப்ரரிலதான இருக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே தெப்பக்குளம் போய் அலமாரியில் இருந்ததைத் திறந்து பார்த்தேன். கதையின் கடைசிப் பகுதி. மறுநாள் ஸ்ரீரங்கம் போய்ப் பார்த்தேன். நடுப்பகுதி. மூன்று பிரதி இல்லை, மூன்று பாகம். ஒரு கதையை மூன்று துண்டாக வெட்டி, ஒன்று படித்தவருக்கு இன்னொன்று கிடைக்காதபடி விதியும் எழுதி மாட்டிவைத்த மகா மேதை நான்!

என் முட்டாள்தனத்துக்கு நான் யார்மேல் கோபப்படுவது? அங்கே நின்றிருந்த அட்டெண்டரிடம் கொட்டித் தீர்த்தேன். "வார்டுல படுத்துக்கிட்டு ரெண்டாம் பாகம் கொண்டா, மூணாம் பாகம் கொண்டான்னு அதிகாரம் பண்றா என் தங்கச்சி. அப்பன் வீட்டு லைப்ரரின்னு நெனப்பு!" அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து, பழைய இடத்தில் வைத்தார்.

கொடுத்திருக்கலாம். இதைப் பற்றி யோசிக்க எனக்கு நாற்பது வருஷம் கிடைத்தது. எப்படி யோசித்தாலும் கொடுத்திருக்கலாம் என்றுதான் வருகிறது. இரண்டு பாகத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? இரண்டையும் நானே படித்துவிட்டு வந்து கதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கோ ரிஜிஸ்டரில் மூன்று பிரதி என்று எழுதியதை அடித்தால் மானம் போய்விடும் என்ற பயம். அட்டெண்டரைக் கடிதம் படிக்கவைத்து வருஷம் திரும்பவில்லை, அதையே நான் செய்வதா என்ற பயம். இந்த இரண்டுக்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது. அதை அப்போது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயருக்குச் செயலாளரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, இரண்டு பாகத்தையும் பீரோவுக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உம்ம விதிதானே ஓய்? ஊரான் கேட்டப்போ கறார், தங்கைக்குன்னா தளர்த்தறதா? நாலு பேர் என்ன பேசுவா? வேணும்னா ஒரு மனுவா எழுதிக் கொடும், கமிட்டியிலே வெக்கறேன்" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. வெட்கக்கேடு, நிம்மதிதான் தோன்றியது. மனு எழுதிக் கொடுத்தேன். அது கமிட்டியின் ஃபைலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கமிட்டியில வெச்சிருக்காங்க" என்று அவளிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். "அண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பொண்ணு கடைசியில புருஷன் வீட்டுக்குத் திரும்பப் போறாளா, இல்லையா? அதையாவது பாத்துட்டு வந்து சொல்லேன்" என்றாள். மூன்றாம் பாகம் என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. "பாக்கறேன், பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனேன். பார்க்கவில்லை. வேலை நெருக்கம் என்று ஏதோ சாக்கு.

பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள், விட்டது சனி என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் உடம்பும் கொஞ்சம் தேறிக்கொண்டு வந்தது. நோய் ஊசிக்கும் மாத்திரைக்கும் கேட்க ஆரம்பித்தது. முகத்தில் சதை போட்டிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் மாதாந்தர செக்கிங் பார்க்கப் போனபோது, அந்த நீலப் புத்தகம் அலமாரியில் இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அதற்கு நேராக 'பைண்டிங்' என்று எழுதியிருந்தது. "கெட்டியாத்தானய்யா இருந்துச்சு, அதுக்குள்ள என்ன பைண்டிங்?" என்று கேட்டேன். "முதுகு விட்டுருச்சு சார்" என்றார் அட்டெண்டர். "எத்தனை நாளு? உன் பைண்டரு காவேரிக்குப் பாலம் கட்டறானா?" என்று விரட்டினேன். "வந்துரும் சார்" என்றார். வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவரே தெப்பக்குளத்துக்கு வந்து, தன் சிப்பந்தி அட்டையை நீட்டி, மூன்றாம் பாகத்தைக் கேட்டார். ஒன்பதாவது விதிப்படி அவருக்கு உரிமை இருந்தது. தேதி முத்திரை குத்திக் கொடுத்தபோது, "என்னய்யா, இந்த வயசுல காதல் கதை கேக்குதோ?" என்று கிண்டல் செய்தேன். "சும்மா பொழுதுபோக்குக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கெடு தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே திருப்பிக் கொண்டுவந்தார். நான்தான் வாங்கி, நான்தான் அலமாரியில் வைத்தேன்.

வார்டில் சேர்த்து எட்டு ஒன்பது மாதம் கழித்து டாக்டர் அவளை வீட்டுக்குப் போகலாம் என்றார். இனி யாருக்கும் ஒட்டாது, தாராளமாக எல்லாரோடும் புழங்கலாம் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சொல்லட்டுமே. நான் வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தேன். என் மனைவிகூட, "டாக்டரே சொல்லிட்டாருங்களே, எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள். கலந்துபோய்விடக் கூடாதே என்று லைப்ரரியிலிருந்து பெயின்ட் கொண்டுவந்து அந்த டம்ளரின் அடியில் ஒரு புள்ளி வைத்தேன். சிவப்புப் புள்ளி. சத்தியமாக அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கைக்கு அகப்பட்ட டப்பா அது.

அவள் வந்த முதல் நாள் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தபோது அந்தப் புள்ளியைப் பார்த்தாள். ஒன்பது மாதம் அந்தப் புள்ளி வைத்த புத்தகங்களைத்தானே படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். தானே கழுவி, தனியாக ஜன்னலில் வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, மனு கொடுத்து கிட்டத்தட்ட எட்டு மாதம் ஆன பிறகு, கமிட்டி என் மனுவை எடுத்துப் பார்த்தது. மனுதாரரின் தங்கை குணமாகி வீடு திரும்பிவிட்டபடியால், விசேஷ அனுமதியின் பேரில் புத்தகம் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கையெழுத்து, முத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஸ்ரீரங்கம் போய் இரண்டாம் பாகத்தை எடுத்தேன். எடுத்துக் கொடுத்தது அட்டெண்டர்தான். "தங்கச்சிக்குங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து புத்தகத்தை நீட்டினேன். "இந்தா, நீ கேட்ட ரெண்டாம் பாகம். அலையா அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

அவள் கையை நீட்டவில்லை. "படிச்சாச்சு அண்ணே" என்றாள்.

"எதை?"

"ரெண்டாவதையும். மூணாவதையும். வார்டுலயே படிச்சு முடிச்சிட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு கொடுத்தது?"

"உங்க ஸ்ரீரங்கத்து அட்டெண்டரு. சைக்கிள்ல வருவாரு. உன்னை மாதிரி தூணாண்ட நிக்க மாட்டாரு. கட்டிலாண்ட ஸ்டூல போட்டு உக்காந்து, கதை எதுவரைக்கும் வந்திருக்கு, அம்மான்னு கேப்பாரு. கடைசிப் பாகம் முடிக்கறப்ப எனக்குக் கண்ணு எரிச்சல், கடைசி நாலு வாரத்துக் கதையை அவரேதான் படிச்சுக் காட்டுனாரு. உன்கிட்ட சொல்ல வேணாம், வேலைக்கு ஆபத்துன்னு நான்தான் சொன்னேன்."

பைண்டிங், முதுகு விட்டுருச்சு, பொழுதுபோக்கு எல்லாம் ஒவ்வொன்றாக மண்டையில் ஏறின. அப்படியானால் என் கையில் இருப்பது வார்டுக்குப் போய்வந்த புத்தகம். அவள் கட்டிலில், அவள் இருமின இடத்தில், வாரக்கணக்கில் கிடந்த புத்தகம். அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

அப்போது நான் செய்ததை எப்படிச் சொன்னாலும் அது மாறப் போவதில்லை. புத்தகத்தைத் தரையில் வைத்தேன். வைத்தேன் என்பதுகூடப் பொய், கை தானாக விட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவினேன். அந்தப் புத்தகம் வார்டிலிருந்து வந்து மாதக்கணக்காகிறது. மூன்றாம் பாகத்தை என் கையாலேயே வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனையோ பேர் எடுத்துப் படித்துத் திருப்பியிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதெல்லாம் கழுவிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டாம் தடவையும் சோப்புப் போட்டேன்.

திரும்பியபோது அவள் கொல்லை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

அவள் உள்ளே போனாள். தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, பழுப்புக் காகித அட்டையைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு, ஜன்னலில் இருந்த தன் டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"ரெண்டும் ஒரே எடத்துச் சாமான் அண்ணே," என்றாள். "மஞ்சப் புள்ளிய அழிச்சிட்டு இதுக்கும் சிவப்பு வெச்சிரு."

குரலை உயர்த்தவில்லை. அழவில்லை. திரும்பி வந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அரிசி பொறுக்க ஆரம்பித்தாள்.

அட்டெண்டர்மேல் நான் புகார் எழுதவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். எழுதினால் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து என் மேஜைமேல் போடுவார்கள், அவ்வளவுதான். அடுத்த தடவை பார்த்தபோது, "தங்கச்சி நல்லா சாப்பிடறாங்களா சார்?" என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் ரிட்டையர் ஆகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

என் தங்கை ஒரு மாதம்தான் என் வீட்டில் இருந்தாள். வார்டு நர்ஸுக்கு ஒரு கடிதம் போட்டு, அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆயா வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டாள். தங்குவதற்கும் அங்கேயே ஓர் அறை கொடுத்தார்கள். போகிற அன்று தகரப்பெட்டியில் துணியை அடுக்கி, தட்டையும் டம்ளரையும் மேலே வைத்து மூடினாள். "வீட்டுச் சாமானை எதுக்கு எடுத்துட்டுப் போற, அங்க கொடுப்பாங்கல்ல?" என்று ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"வெச்சிட்டுப் போனா நீ இதை என்ன பண்ணுவ அண்ணே?" என்று கேட்டாள்.

பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.